நாலு சரம் விளக்கும் ஒரு துண்டு வெள்ளித்தாளும்

போன வாரம் தி.நகரில் ஒரு விளக்குக் கடைக்குப் போயிருந்தேன். கார்த்திகைக்கு பால்கனியில் ஏதாவது மினுமினுக்க வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. எங்கள் அடையாறு அடுக்குமாடியில் எதிர்வீட்டு பால்கனி போன வருஷமே கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டதாம். நம் வீடு மட்டும் கரண்ட் பில் கட்டாத வீடு மாதிரி இருந்ததாம். மனைவியின் அபிப்பிராயம் இது. எனக்குத் தனியாக அபிப்பிராயம் கிடையாது.

கடையில் இருந்த இளைஞர் ஒரு பெரிய சக்கரத்திலிருந்து விளக்கை ரிப்பன் மாதிரி உருவி, எரியவிட்டுக் காட்டி, அணைத்து, கத்தரிக்கோலை எடுத்து 'நறுக்'கென்று வெட்டினார். நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்துவிட்டேன். பின்னால் நின்ற அம்மாவின் பை மீது மோதி மன்னிப்பும் கேட்டேன்.

"பயப்படாதீங்க சார். இத எங்க வேணா கட் பண்ணிக்கலாம்."

"இதுல ஒரு பல்பு போனா எல்லாம் போயிடுமா தம்பி?"

"பல்பா? இதுல பல்பே கெடையாது சார்" என்றார், கவலையோடு. என் வயசைப் பார்த்து வந்த கவலை. "போனா புதுசு மாத்திக்க வேண்டியதுதான்."

நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ வாங்கியவன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. பொதுவாக யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால், "அப்போ எங்க வீட்டு ஃபேனை ஒரு நிமிஷம் பாருங்களேன்" என்பார்கள். நான் பார்ப்பேன். கீழே நின்று, நன்றாக, அண்ணாந்து பார்ப்பேன். அதற்கு மேல் என்னால் ஆகாது.

ஆனால் அவர் அந்த ரிப்பனைச் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைக்கும்போது புது ஒயரின் வாசனை வந்தது பாருங்கள், அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் பிளாஸ்டிக், கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் புதுச்செருப்பு. எங்கள் பாலிடெக்னிக் லேபின் வாசனை அது. அதன்மேல் சால்டரிங் பேஸ்ட் உருகும் புகையைக் கொஞ்சம் சேர்த்தால் அருள் வந்து பக்கத்தில் நிற்பான்.

அருள் யார் என்பதற்கு முன்னால், பயந்தாங்கொள்ளியான நான் அந்தப் படிப்புக்கு எப்படிப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நின்றுகொண்டே முப்பது வருஷம் வேலை பார்த்தார். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "கரண்டு இல்லாத ஊரு உண்டாலே? அப்ப கரண்டு படிச்சவனுக்கு வேலை இல்லாமப் போவுமா?" வாதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆளைத்தான் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டார். நான் அப்போதெல்லாம் மிக்ஸி சுவிட்சைப் போடுவதற்கு ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு, மணைப்பலகை மேல் ஏறி நின்று, மரஸ்கேலால் தட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு. "தேங்காச் சட்னிதானலே அரைக்கப் போற" என்பாள் அம்மா.

லேபில் ஒரு மேஜைக்கு இரண்டு பேர். பெயர் வரிசையில் எனக்கு வாய்த்தவன் அருள். சாந்தோமுக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில், கடலைப் பார்த்த ஒரு குப்பம் அவனுக்கு. அப்பா மீன்பிடிக்கிறவர். அம்மா சாலையோரம் மீன் விற்பாள். அவர்கள் தெருவில் பன்னிரண்டாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் இவன்தான். விரல்களெல்லாம் வலைக் கயிறு அறுத்த கோடுகள். அந்த விரல்களால் இரண்டு ஒயர்களை முறுக்கினான் என்றால், இடுக்கி போட்டுப் பிரிக்க வேண்டும். நான் முறுக்கியவை பெருமூச்சு விட்டாலே பிரிந்துவிடும்.

"கரண்டுக்கு நம்மளத் தெரியாது மச்சி. நமக்குத்தான் அத்தத் தெரியணும்" என்பான். "நீ இன்னாடான்னா அதுங்கிட்ட கடன் வாங்கின மாதிரி ஒளியற."

சீரீஸ், பேரலல். இந்த இரண்டும் எனக்குப் புரியவே இல்லை. தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று தமிழில் எழுதிப் பார்த்தேன், அழகாக இருந்தது, புரியவில்லை. முதல் வருஷப் பரீட்சையில் வோல்ட்மீட்டரைத் தொடரில் மாட்டிவிட்டு, பல்பு எரிவதற்காகக் கால்மணி நேரம் அதை முறைத்துக்கொண்டிருந்தவன் நான். அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அணைந்தே இருந்தது. வோல்ட்மீட்டர் அப்படி நடுவழியில் உட்கார்ந்தால் கரண்டைப் போகவிடாது என்பது மேஜைக்குத் தெரியும், மேஜை மீதிருந்த பல்லிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அருள்தான் ஒருநாள் கேன்டீன் படியில் வைத்துப் புரியவைத்தான்.

"எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வரும்ல? சந்துக்குள்ள லாரி பூராது. அல்லாரும் வரிசையா நிப்பாங்க. கொடம் கைமாறிக் கைமாறி உள்ள போவும். நடுவுல ஒரு அக்கா 'அடுப்புல சோறு கீது'ன்னு ஓடிட்டா இன்னா ஆவும்?"

"தண்ணி நின்னுரும்."

"அதான் சீரீஸு. ஒருத்தி போனா அல்லாருக்கும் போச்சி. இப்ப அதே லாரில நாலு கொழாய். கொழாய்க்கு ஒரு வரிசை. ஒரு வரிசைல சண்ட வந்து பூட்டாங்கன்னு வையி. மத்த மூணு?"

"பிடிச்சிட்டே இருக்கும்."

"பேரலலு. போ, போய் டீ சொல்லு."

இவ்வளவுதான். புத்தகத்தில் இதற்குப் பன்னிரண்டு பக்கம்.

அவன் வீட்டில் எல்லோரும் அவன் அப்பாவை நைனா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். பேச்சு குறைவான மனுஷர். வெயிலில் காய்ந்து கறுத்த முதுகு, காதில் எப்போதும் ஒரு பீடி. நான் போனால், "சாப்ட்டியா தம்பி?" என்பார். அவ்வளவுதான் உரையாடல். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் அவரோடு படகில் போய்க்கொண்டிருந்தான். நாங்கள் இரண்டாம் வருஷம் முடிக்கும் சமயத்தில் அந்த மூத்தவன் கல்யாணமாகி, பெண்வீட்டார் ஊரான பழவேற்காட்டுக்கே போய்விட்டான். படகில் ஒரு ஆள் குறைந்துவிட்டது. கூலிக்கு வைத்த ஆள் வாரத்தில் பாதி நாள் வருவதில்லை. நைனாவின் பார்வை அருள் பக்கம் திரும்பியது.

அவர் திட்டவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. "ரெண்டு வருசமா படிக்கிறியே, இன்னா கத்துக்கினே?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அருள் அவரிடம் ஓமின் விதியையா சொல்ல முடியும்?

பதில் சொல்ல ஒரு வாய்ப்பு தானாக வந்தது. அவர்கள் தெருவில் வருஷா வருஷம் மாதா திருவிழா. தேர் தெருவுக்குள் நுழையும் முனையில் சவுக்குக் கம்பு கட்டி வளைவு போட்டு, விளக்குச் சரங்கள் தொங்கவிடுவார்கள். எப்போதும் வெளியிலிருந்து ரேடியோ செட்டுக்காரர் ஒருவர் வந்து போடுவார். அந்த வருஷம் தெருக் கூட்டத்தில் நைனா எழுந்து, "இந்த வாட்டி லைட்டு என் புள்ள போடுவான்" என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் வாயே திறக்காத மனுஷர் திறந்ததால் யாரும் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அருளிடம் சொன்னார்: "எரிஞ்சா படி. எரியலன்னா போட்டுக்கு வா."

அருள் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அப்போதே வியர்த்துவிட்டது. அவனுடைய பரீட்சைக்கும் நானே வியர்ப்பது வழக்கம்.

இரண்டு வாரம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சரம் செய்தோம். ஒரு சரத்துக்கு முப்பத்தாறு சின்னப் பல்பு. எல்லாம் ஆறு வோல்ட்டுக்காரர்கள். ஒருவர் பின் ஒருவராகத் தொடரில் நிறுத்தினால் வீட்டுக் கரண்டை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்குபோட்டுத் தாங்கிக்கொள்வார்கள். இது எல்லா சீரியல் செட்டுக்காரரும் செய்வது. அருளின் மூளை அதற்கு அடுத்ததில் இருந்தது. ஒரே நீளமாக இழுக்காமல், நாலு சரமாகப் பிரித்து, நாலையும் பேரலலில் கொடுத்தான். நைனா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஒண்ணு போனா?" என்றார்.

"ஒரு சரந்தான் போவும் நைனா. மூணு எரியும். பல்ப மாத்துனா நாலும் எரியும்."

அவர் வெளியே போய் எதிர்வீட்டுக்காரரிடம், "ஒண்ணு போனா மூணு எரியுமாம்" என்று சொல்வது எங்களுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அருள் ஒயரோடு பற்றவைத்த பல்புகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நகை வேலை மாதிரி இருக்கும். இப்போது ரிப்பனாக விற்கிறார்களே, அதற்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான். கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர், அவை எல்லாம் சேர்ந்து பக்க இணைப்பு. எவனோ பெரிய படிப்பு படித்தவன் யோசித்திருப்பான். குப்பத்தில் நெத்திலி வறுக்கும் புகைக்கு நடுவில் ஒருத்தன் தானாகவே யோசித்தான், என் கண் முன்னால்.

என் பங்கு என்ன என்று கேட்கிறீர்களா? ஒயரைப் பிடித்துக்கொள்வது. நெத்தியடியாகச் சொன்னால், நெத்திலி சாப்பிடுவது.

ஒரு விஷயத்தில் மட்டும் அருள் கறாராக இருந்தான். வெள்ளித்தாள். அந்தக் காலத்தில் சீரியல் செட்டில் ஒரு பல்பு அணைந்தால் எல்லாரும் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கிழித்துச் சுருட்டி, செத்த பல்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் செருகிவிடுவார்கள். கரண்ட் அதன் வழியாகத் தாண்டிப் போய்விடும். சரம் எரியும். ஒரு நிமிஷ வேலை.

"அது மட்டும் வாணாம் மச்சி. முப்பத்தாறு பேரு தூக்குறத முப்பத்தஞ்சு பேரு தூக்கணும். இன்னும் பளிச்சுனு எரியும், நல்லாத்தான் கீதுன்னு தோணும். ஆனா அல்லாம் மூச்சு வாங்கிக்கினு எரியும். அப்பால இன்னொன்னு சாவும். அதுக்கொரு தாளு வைப்பே. அப்பால சீக்கிரமா இன்னொன்னு." புகைப்பட ரோல் வருமே, கறுப்பு டப்பா, அதில் பத்து உபரிப் பல்புகளை ஒயர் வைத்துத் தயாராகப் போட்டு என் கையில் கொடுத்தான். "நான் தேர் தூக்கறவங்களோட போயிடுவேன். நைனா சொல்லிட்டாரு. வளைவாண்ட நீ நில்லு. ஒண்ணு போனா பிளக்க உருவு, இத மாத்து, மறுபடி சொருவு. வேற எதுவும் பண்ணாத."

நான் தலையாட்டினேன். டப்பாவைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

திருவிழா அன்று சாயங்காலம் புறப்படும்போது எனக்கு ஒரு ஞானோதயம். தேருக்குப் பின்னால் பாடிக்கொண்டு பெண்கள் வருவார்கள். வளைவுக்குக் கீழே தனியாக நிற்கப்போவது நான். இந்தக் காக்கி நிறத் தொளதொளப் பேன்ட்டோடா நிற்பது? அப்பா கடைத் தள்ளுபடியில் வாங்கித் தந்திருந்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டேன். அது எவ்வளவு இறுக்கம் என்றால், அதன் பாக்கெட்டில் ஐந்து ரூபாய் நோட்டை மடித்து வைத்தால்கூட வெளியிலிருந்து நம்பரைப் படிக்கலாம். கறுப்பு டப்பா காக்கிப் பேன்ட்டோடு கொடியில் தொங்கியது. சாந்தோம் வந்து, வளைவுக்குக் கீழே ஒரு கையை இடுப்பில் வைத்து நின்ற பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

சரி, ஓடிப்போய் எடுத்துவரலாம். மயிலாப்பூர் ஒன்றும் மைசூர் இல்லை. ஆனால் அதற்குள் நாலு சரமும் ஏற்றப்பட்டு, தெருவே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. நைனா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வளைவைக் கடந்தார். நின்றார். அண்ணாந்து பார்த்தார். காதிலிருந்த பீடியை எடுத்து, பற்றவைக்காமல் மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டு போனார். இதை விட்டுவிட்டு எப்படி நகர்வது? ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோயில் மணி அடித்துத் தேர் கிளம்பிய பத்தாவது நிமிஷம், இடது ஓரத்துச் சரம் அணைந்தது.

மூன்று எரிந்தது. அருள் சொன்னபடியே. அப்படியே விட்டிருக்கலாம். நண்பரே, நான் அப்படியே விட்டிருக்கலாம். ஒரு சரம் அணைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ஆனால் என் கண்ணுக்கு அந்த இருட்டுச் சரம் மட்டும்தான் தெரிந்தது. சுவரோரம் ஒரு காலி சிகரெட் பெட்டி கிடந்தது.

அந்தச் சரத்தின் பிளக்கை மட்டும் உருவி, வெள்ளித்தாளை ஒவ்வொரு பல்பாக வைத்து, மறுபடி சொருகிப் பார்த்துச் செத்தவனைக் கண்டுபிடித்தேன். எரிந்தது. முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது. போகிற ஒரு பெரியவர், "இந்தாண்ட சரந்தான் டாலடிக்குது!" என்றார். நான் ஜீன்ஸை இழுத்துவிட்டுக்கொண்டேன். அடுத்தது போயிற்று. இன்னொரு தாள். இன்னும் பளிச். மூன்று, நான்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது. அருள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் தலைக்கு மேலே எரிந்து காட்டிக்கொண்டிருந்தது, நானோ தாள் கிழித்துக்கொண்டிருந்தேன். ஏழு ஆயிற்று.

பாட்டுச் சத்தம் பக்கத்தில் கேட்டது. தேர் அடுத்த திருப்பத்தில் வந்துவிட்டது. சரம் மறுபடி அணைந்தது. இந்த முறை எந்தப் பல்பில் தாளை வைத்தாலும் எரியவில்லை. ஒருவேளை இரண்டு ஒன்றாகப் போயிருக்கும். ஒருவன் செத்தால் ஒவ்வொருவனாகத் தாண்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். இரண்டு பேர் செத்தால் எவனைத் தாண்டினாலும் இன்னொருவன் வழியை மறித்துக்கொண்டு கிடப்பான். இதெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது, தேர் வருகிறது என்பது மட்டும்தான்.

பெட்டியில் மீதமிருந்த தாளை முழுசாக உருவிக் கயிறு மாதிரி திரித்தேன். ஒரே ஒரு பல்பைத் தாண்டுவதாவது, நாலைந்தை மொத்தமாகத் தாண்டிவிடலாம் என்பது திட்டம். சரம் கம்பின் அடியில் தொடங்கி, மேலே போய் வளைந்து, அதே கம்பின் அடிக்கே திரும்பி வரும். முதல் பல்பும் கடைசிப் பல்பும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். அவசரத்தில் நான் தாளைச் செருகியது அந்த இரண்டுக்கும் குறுக்கே. அதாவது முப்பத்தாறு பேரையும் சுற்றிக்கொண்டு போகவேண்டிய கரண்டுக்கு நேர்வழி போட்டுக் கொடுத்தேன். பிளக்கைச் சொருகினேன்.

'டப்.'

பேரலலில் ஒருவன் செத்தால் மற்றவர்கள் பிழைப்பார்கள். ஒருவனுக்குப் பைத்தியம் பிடித்து மொத்தக் கரண்டையும் வழித்துக் குடித்தால் யாருமே பிழைக்க முடியாது. நாங்கள் கரண்ட் எடுத்திருந்த வீட்டின் ஃபியூஸ் போனது. நாலு சரமும் போனது. அதே வீட்டிலிருந்து எடுத்திருந்த ஒலிபெருக்கியும் பாதிப் பாட்டில் நின்றது. சரியாக அந்த நேரம் பார்த்து மாதா தெருமுனையில் திரும்பினாள்.

அந்த இருட்டு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடல் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. பிறகு யாரோ ஒரு பெண் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து வளைவுக்குக் கீழே நின்றாள். இன்னொருத்தி. தேர் அந்த வெளிச்சத்திலேயே உள்ளே போனது. கூட்டத்தில் ஒரு குரல், "ரெண்டு வருசம் கரண்டு படிச்ச கதய பாரு!" என்றது. சிலர் சிரித்தார்கள்.

தேரைக் கோயிலில் இறக்கிவிட்டு அருள் ஓடி வந்தான். தோளில் தேர்க் கட்டை அழுத்திய தடம். பின்னாலேயே நைனா.

"எதனா தொட்டியா மச்சி?"

"இல்லடா."

"தாளு கீளு வெச்சியா?"

"சத்தியமா இல்லடா."

நைனா என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை. "நீதான தம்பி இங்க நின்னுக்கினு இருந்த. இன்னா ஆச்சி?"

நாக்கு நுனிவரை வந்தது. பின்னால் தெரு முழுக்க நின்றது. நான் சொன்னேன்: "தெரியல நைனா. தானாப் போயிருச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் என்னை நம்பினார். பிறகு அருளைப் பார்த்து, "ஒண்ணு போனா மூணு எரியும்னியேடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதைத் திட்டுகிற மாதிரிகூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை லேபில் என் மேஜையில் நான் மட்டும் நின்றேன்.

நாலாவது நாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் எடுத்த சோற்றுருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "நாளைக்கே போயி அந்த மனுசன்கிட்ட சொல்லிட்டு வாலே. ஒரு வார்த்ததான?" போனேன். கலங்கரை விளக்கம் வரை போய், சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினேன். மறுநாள் சாந்தோம் வரை போனேன். அதற்கு மறுநாள் தெருமுனை வரைக்கும் போய்விட்டேன். வளைவைப் பிரித்து, கம்பு நட்ட இரண்டு குழிகளையும் மணல் போட்டு மூடியிருந்தார்கள். படகுகள் வரும் நேரம். தூரத்தில் அருள் படகைத் தள்ளிக் கரையேற்றிக்கொண்டிருந்தான். நான் திரும்பி நடந்தேன். பிறகு பரீட்சை வந்தது. பிறகு ரிசல்ட் வந்தது. பிறகு கிண்டியில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை கிடைத்தது. விற்பனைப் பிரிவு, ஆண்டவன் புண்ணியத்தில். மோட்டாரின் படத்தை மட்டும் தொட்டால் போதும். ஒரு வார்த்தைதானே, அது எங்கே போய்விடப்போகிறது என்று இருந்துவிட்டேன். இருபது வருஷத்துக்கு மேல்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டினப்பாக்கம் பக்கம் மீன் வாங்கப் போனபோது, "இன்னா மச்சி, வயிறு மட்டும் பிரமோஷன் வாங்கிக்கீது?" என்று ஒரு குரல். அருள். தலை பாதி நரைத்து, கண்ணோரம் உப்புக்காற்றின் சுருக்கம். ஒரு வஞ்சிரத்தை எடுத்து, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பையில் போட்டான். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், சொந்தப் படகு, முழங்கால் வலி என்று நல்லபடியாகத்தான் பேசினான். எனக்குத் தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே, வஞ்சிரப் பையும் கையுமாக, சொல்லிவிட்டேன். டப்பா, ஜீன்ஸ், தாள், எல்லாம்.

அவன் சிரித்தான். "ஜீன்ஸு கத மட்டும் எனக்குத் தெரியாது."

"மத்தது?"

"மறுநாள் காலைல சரத்த எறக்கினேன்ல. ஏழு எடத்துல வெள்ளித்தாளு. எட்டாவது இவ்ளோ நீளம், கருகிக்கினு கெடந்துச்சி." கையை விரித்துக் காட்டினான். "பாத்தவொடன தெரிஞ்சிடுச்சி."

"அப்போ ஏன்டா நைனாகிட்ட சொல்லல?"

"நான் சொன்னா சாக்கு சொல்றான்னு சொல்வாரு. நின்னுக்கினு இருந்தவன் நீ. தானாப் போச்சின்னு நீ சொல்லிட்ட. நீயே வந்து, 'இல்ல, நாந்தான்'னு சொன்னாத்தான் நம்புவாரு. வருவேன்னு பாத்தேன். ஒரு நாள் தெருமுனைல நின்னல்ல? தோ வந்துட்டான்னு நெனச்சேன்."

ஒரு அக்கா வந்து சங்கரா என்ன விலை என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லி, எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

"இப்போ வா, நைனாகிட்ட சொல்றேன்" என்றேன். "நான் வந்து சொல்றேன்டா."

"அவரு போயி நாலு வருசம் ஆச்சி மச்சி." பலகையில் ஒட்டியிருந்த செதிலைத் தண்ணீர் ஊற்றித் தள்ளினான். "கடேசி வரைக்கும் வூட்ல ஒரு பல்பு போனாக்கூட பக்கத்து வூட்டு ஆளத்தான் கூப்புடுவாரு. நான் ஸ்டூல்ல ஏறினா, 'எறங்குடா, உனுக்கு அது வராது'ம்பாரு. நானும் எறங்கிடுவேன். படுத்த படுக்கையா கீறப்ப ஃபேன் நின்னுபோச்சி. அப்பகூட என்னத் தொட உடல."

சொல்லும்போது அவன் சிரித்துக்கொண்டேதான் இருந்தான்.

அந்தத் தெரு இப்போது இல்லை. ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு நாலு மாடி கட்டியிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் மாடிக்கே வருகிறதாம், யாரும் வரிசையில் நின்று குடம் மாற்ற வேண்டாம். தேர் வேறு வழியாகப் போகிறது. நாங்கள் கரண்ட் எடுத்த வீட்டுக்காரர் பெரும்பாக்கத்துக்குப் போய்விட்டார். அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இல்லை, மீதிப் பேருக்கு ஞாபகம் இல்லை. அருளுக்கு என்மேல் வருத்தம்கூட இல்லை என்று நினைக்கிறேன். 'உனக்கு அது வராது' என்று கடைசி வரை நம்பிக்கொண்டிருந்த ஒரே ஒருவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மகனை அவர் ஸ்டூலில் ஏறவிட்டிருப்பார்.